பத்மினிக்குப் பின்பக்கப் பட்டை: நான்கு ஆண்டு ராலி அனுபவம்

என் 1978 பிரீமியர் பத்மினியை நான்கு ஆண்டுகளாக டிஎஸ்டி ராலிகளில் ஓட்டிவருகிறேன். நேரம், வேகம், தூரம் மூன்றையும் கணக்கிட்டு, குறித்த விநாடியில் குறித்த இடத்தைக் கடக்க வேண்டிய போட்டி இது. என் மனைவிதான் நேவிகேட்டர், அதாவது பக்கத்தில் அமர்ந்து வழியும் கணக்கும் சொல்பவள். இந்த வண்டியில் நான் அதிகம் செலவழித்ததும் அதிகம் கற்றுக்கொண்டதும் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில், அதாவது வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிச் சேர்த்த கட்டில்தான்.

வாங்கியபோதே வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ராலிக்கென்றே கனத்த பட்டை போட்டிருப்பதாக முந்தைய உரிமையாளர் சொன்னார். பார்க்க மிடுக்காக இருந்தது, நானும் நம்பிவிட்டேன்.

கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே ஓடும் மண் சாலையில் அந்த நம்பிக்கை போனது. வரி வரியாக அரித்த தரையில் பின்சக்கரங்கள் தத்தித் தத்தி வந்தன. “என்னங்க, ரோடு புக்கில் இந்தத் திருப்பம் 12.40 கிலோமீட்டர். நம் மீட்டர் 12.60 காட்டுகிறதே!” என்றாள் மனைவி, அமைப்பாளர்கள் தந்த வழிக்குறிப்பைப் பார்த்து. நான் பொருத்திய, ஓடிய தூரம் காட்டும் ட்ரிப் மீட்டர் கியர்பாக்ஸ் கேபிளிலிருந்து கணக்கெடுக்கிறது. சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் தடையில்லாமல் வேகமாகச் சுழலும். வண்டி போகாத தூரத்தையும் மீட்டர் சேர்த்துக்கொள்ளும். 36 கி.மீ. வேகத்தில் 200 மீட்டர் என்றால் 20 விநாடி. முன்கூட்டியே வந்துவிட்டதாக நினைத்து வேகத்தைக் குறைத்தோம்; அத்தனை விநாடியும் தாமதமாகக் கணக்கில் ஏறியது.

உடனே ஒரு பட்டையை உருவிவிட்டு மாட்டினேன். அது தவறு. ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிப்பெட்டி எல்லாம் ஏறியதும் வண்டி தாழ்ந்தது. பள்ளத்துக்குப் பள்ளம் ஆக்சில் போய் ரப்பர் தடுப்பில் மோதியது. மூன்றாம் மாதம் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது, மெயின் பட்டையில், பட்டைகளை நடுவே சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் துளையின் ஓரத்திலிருந்து தலைமயிர் கனத்தில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. விரல் நகத்தால் தடவியபோதுதான் தெரிந்தது. மலை இறக்கத்தில் அது ஒடிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

பட்டறைப் பெரியவர் பழைய பட்டையை வெர்னியரில் அளந்தார்: 7 மி.மீ. “உயரம் வேண்டுமா, கடினம் வேண்டுமா? ரெண்டும் வேறே, தம்பி” என்றார். வளைவைக் கூட்டினால் வண்டி உயரும். கடினத்தை முடிவு செய்வது பட்டையின் கனம். நீளம், அகலம், எண்ணிக்கை மூன்றும் மாறாதிருந்தால் கடினம் கனத்தின் முப்படியில் (கனம் × கனம் × கனம்) ஏறும். 6 மி.மீ.க்கு 216, 7 மி.மீ.க்கு 343. ஒரே ஒரு மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 59 சதவீதம்! ஐந்து பட்டையுள்ள கட்டில் அதே கனத்தில் இன்னொன்று சேர்த்தாலும் சுமார் 20 சதவீதம்தான் கூடும்.

6 மி.மீ. பட்டையில், வளைவைச் சற்றுக் கூட்டி, முறையாகச் சூடேற்றி எண்ணெயில் ஆற்றிப் புதுக்கட்டு செய்யச் சொன்னேன். ஷாக் அப்சார்பரையும் அதற்கு இணையாக மாற்றினேன். பட்டைகளுக்கு இடையே கிராஃபைட் கிரீஸ். முனை போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகே இறுக்கினோம். அந்தரத்தில் இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். முதல் ஓட்டம் முடிந்ததும், கட்டை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கியே ஆக வேண்டும். என் வண்டியில் நான்குமே அரைச்சுற்று வாங்கின.

இந்தக் கட்டில் இதுவரை 11,000 கி.மீ. ஓடியாகிவிட்டது. அதே கேத்தனூர் மண்ணில் மீட்டர் பிழை 30 மீட்டருக்குள் அடங்கிவிட்டது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முன்பைவிடச் சாய்கிறது, உண்மைதான். கிளட்சை வெடுக்கென்று விட்டால் பட்டை முறுக்கிக்கொண்டு பின்பக்கம் அதிர்கிறது. இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே என் முடிவு.

மட்கார்டு விளிம்பிலிருந்து சக்கர நடு வரை மாதம் ஒருமுறை அளக்கிறேன். ஓட்டுநர் பக்கம் 8 மி.மீ. இறங்கியிருக்கிறது. அடுத்த ராலிக்கு முன் அந்தப் பக்கக் கட்டை மறுவளைவு போடக் கொடுக்கிறேன். கனம் அதே 6 மி.மீ.தான்.