ஓவியத்துக்கு எது: பால்மரமா (ரப்பர்), செம்பனையா (எண்ணெய்ப்பனை)?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அரூப ஓவியம் வரைகிற எனக்கு இரண்டும் கண்ணெதிரே.

செம்பனை தருவது நிறம். கருப்பும் ஆரஞ்சும் கலந்த அந்தக் குலைக்கு எண்ணெய் வண்ணம்தான் சரி. ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுவதால் நாள்கணக்கில் குழைக்கலாம்.

பால்மரம் தருவது கோடு. பால் வடிக்கப் பட்டையில் இடமிருந்து வலமாகச் சரியும் வெட்டு. ஒவ்வொன்றும் முந்தையதற்கு மயிரிழை கீழே. அதே வரிசையில் அக்ரிலிக் வண்ணத்தைக் கத்தியால் இழுப்பேன். தண்ணீர் ஆவியாகிக் காய்ந்துவிடும், அன்றே அடுத்த பூச்சு. (மழைநாளில் மட்டும் தாமதம்.)

மலேசிய ஓவியர் லத்தீப் மொஹிடினின் 1960களின் 'பாகோ பாகோ' ஓவியங்களில் செடியும் கோபுரமும் ஒரே உருவாகும். அந்தத் துணிச்சல் எனக்குப் பால்மரத்திடம்தான் வருகிறது. விடியுமுன் நெற்றிவிளக்கோடு அம்மா வெட்டிய கோடு அது.