வேலூர் சத்துவாச்சாரி பாய் ஒர்க்‌ஷாப் - கோன் ஃபில்டர் போட்ட வண்டிக்கு வைத்தியம்

என்னோடது 1.2 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது. பிப்ரவரியில ஒரு ஆக்சஸரீஸ் கடையில கம்பெனி ஏர் பாக்ஸையும் (ஏர் ஃபில்டர் இருக்குற டப்பா) அதுக்கு வெளிக்காத்து கொண்டு வர்ற மூக்குக் குழாயையும் கழட்டிட்டு, டப்பா இல்லாம கூம்பு மாதிரி இருக்குற ஓப்பன் கோன் ஃபில்டர் மாட்டி விட்டாங்க, 6,500 ரூபா, பவர் ஏறும்னாங்க, சத்தம் நல்லா ஏறுச்சு, பனிக்காலக் காலையில ஓட்டும்போது வண்டியும் இழுக்குற மாதிரிதான் இருந்துச்சு.

மே மாசம் வந்துச்சு. நம்ம ஊரு வெயில் தெரியும்ல. கிரீன் சர்க்கிள்ல அஞ்சு நிமிஷம் நின்னு கிளம்பினா ஆக்சிலேட்டரை மிதிச்சாலும் வண்டி எந்திரிக்கல. ஏலகிரிக்கு குடும்பத்தோட போனோம், நாலு பேரு, ஏசி வேற, 14 கொண்டை ஊசி வளைவுல பாதிக்கு மேல ஃபர்ஸ்ட் கியருக்கு எறக்கிதான் ஏத்தினேன். முந்தின வருஷம் அதே நாலு பேரோட செகண்ட்லயே ஏறின வண்டி அது, மனசே விட்டுப் போச்சு.

பிளக் மாத்தினேன், த்ராட்டில் கிளீன் பண்ணேன், ஒண்ணும் ஆகல. அப்புறம் ஃப்ரெண்டு சொல்லித்தான் பாய்கிட்ட போனேன். அவரு எதையும் கழட்டல. இஞ்சினை ஓட விட்டு பானெட்டை மூடி பத்து நிமிஷம் நிக்க வச்சாரு, ஸ்கேனரை ஓபிடி சாக்கெட்ல (வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற பிளக்) சொருகி, இஞ்சினுக்குள்ள போற காத்தோட சூட்டை, அதான் இன்டேக் ஏர் டெம்பரேச்சரைக் காட்டினாரு. வெளிய 39, உள்ள 67. பானெட்டைத் தூக்கி "கைய வையி தம்பி"ன்னாரு, ஃபில்டர் பக்கத்துல வச்சேன், சோறு வடிக்கிற ஆவி மாதிரி அடிச்சுது. ரேடியேட்டர் ஃபேன் தள்ற அனல் நேரா அதுமேலதான் வருது. அப்பால ஹெட்லைட்டு பின்னாடி இருக்குற சந்துல கைய வைக்கச் சொன்னாரு, அங்க வெளிக்காத்து. "கம்பெனிக்காரன் இங்கருந்துதான் காத்து எடுத்துக்கினு இருந்தான், அந்தக் குழாயத்தான் தூக்கிப் போட்டுட்டாங்க"ன்னாரு.

விஷயம் இதான். காத்து சூடானா விரியும், அதே அளவு இடத்துல ஆக்சிஜன் கொறையும், சுமாரா 10 டிகிரிக்கு 3 சதவீதம். 39ல இருந்து 67ன்னா 8 சதவீதம் காத்து போச்சு, காத்து கொறஞ்சா ஈசியூ, அதாவது இஞ்சின் கம்ப்யூட்டர், பெட்ரோலையும் கொறைக்கும், அதுக்கு மேல நாக்கிங் (சூட்டுல பெட்ரோல் தானா தாறுமாறா வெடிக்கிறது) வரக்கூடாதுன்னு பிளக் பொறி விடுற நேரத்தையும், அதான் இக்னிஷன் டைமிங்கையும், பின்னாடி இழுக்கும், சின்ன இஞ்சின்ல இதெல்லாம் சேர்ந்தா காலுக்கே தெரியும். ஏலகிரி 1,000 மீட்டருக்கு மேல, அங்க காத்தே லேசு, வளைவுல வண்டி மெதுவா போறதால முன்னாடி இருந்து காத்தும் வராது, அதான் அங்க ரொம்ப படுத்திடுச்சு. ஹைவேயில 80ல போனப்ப எனக்கு பெருசா வித்தியாசம் தெரியாததுக்கும் இதான் காரணம், ஓடுற காத்து அனலை அடிச்சுட்டுப் போயிடும்.

பழைய ஸ்பேர்ஸ் கடையில இருந்து அதே மாடல் ஏர் பாக்ஸும் மூக்குக் குழாயும் வாங்கிட்டு வந்து மாட்டினாரு, சாதா பேப்பர் ஃபில்டர் புதுசு, கிளாம்ப் ரெண்டு புதுசு. குழாயை பம்பருக்குக் கீழ எறக்கி வச்சா இன்னும் குளிர்ந்த காத்து வருமேன்னு கேட்டேன், ஒத்துக்கவே இல்ல. தார் ரோடு மேல அனல்தான் இருக்கும், மழை பேஞ்சு சப்வேல தண்ணி நின்னா ஒரு இழுப்புல இஞ்சினுக்குள்ள தண்ணி போயி கனெக்டிங் ராடே வளைஞ்சிடும்னாரு. எனக்கு நியாயமாப் பட்டுச்சு.

இப்ப அதே பத்து நிமிஷ டெஸ்ட்ல 48, ஓட ஆரம்பிச்சா 42க்கு எறங்குது. போன ஞாயித்துக்கிழமை ஏலகிரி, அதே நாலு பேரு, ஏசியோட முழுசா செகண்ட்லயே ஏறிட்டேன். மைலேஜ் மாறல, மாறும்னு பாயும் சொல்லல, குளிர்ந்த காத்து வந்தா மைலேஜ் ஏறும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, காத்துக்குத் தகுந்த பெட்ரோல் எப்படியும் போகும்.

மொத்தம் 2,300 ஆச்சு. பிரிண்ட் பில் கிடையாது, துண்டுச் சீட்டுலதான் எழுதிக் குடுத்தாரு, உக்கார எடமும் இல்ல, பார்ட்ஸ் கெடைக்க ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டு வர வேண்டியதாப் போச்சு, ஃபோன் பண்ணா எடுக்கவும் மாட்டாரு. ஆனா எதை ஏன் மாத்துறோம்னு கைய வச்சுப் பாக்கச் சொல்லிக் காட்டின மெக்கானிக்கை நான் இப்பதான் பாக்குறேன். போறவங்க காலைல 9 மணிக்கே போயிடுங்க, மதியம் ஓட்டிட்டுப் போனா இஞ்சின் ஆறுற வரைக்கும் தொட மாட்டாரு.