நெல்லைக் குடும்பங்களுக்கு எது சரி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையா, தனியார் பாலிசியா?

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை முதலில் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டுக்கும் அதைத்தான் எடுத்தோம். வரம்பைத் தாண்டியவர்களுக்குத் தனியார் பாலிசியை விட்டால் பெரிதாக வழியில்லை. அதை எப்படி வாங்குவது என்று பின்னால் சொல்கிறேன்.

பின்னணி சுருக்கமாக. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 1 லட்சம் ரூபாயில் தொடங்கியது. 2012 ஜனவரியில் இப்போதைய திட்டம் வந்தது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்றானது. 2022-இல் வருமான வரம்பு 72,000-லிருந்து 1,20,000-க்கு ஏறியது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஏதாவது ஒரு காப்பீடு உள்ள வீடுகள் தமிழ்நாட்டில் 2015-16-இல் 64 சதவீதம், 2019-21-இல் 66.5 சதவீதம். வீட்டில் ஒருவருக்கு இருந்தாலே அந்த வீடு கணக்கில் சேர்ந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். அப்படிப் பார்த்தும் மூன்றில் ஒரு வீட்டில் யாருக்குமே காப்பீடு இல்லை.

அட்டை, பாலிசி இரண்டிலும் காசு கொடுக்காமல் சிகிச்சை பெறலாம், இரண்டிலும் பெரிய ஆபரேஷன்கள் அடங்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: எடுத்த காப்பீட்டை வருஷா வருஷம் அறுந்துபோகாமல் வைத்திருக்க முடியுமா என்பது.

தனியார் பாலிசியில் முதல் 30 நாளுக்கு விபத்தைத் தவிர எதற்கும் பணம் வராது. கண்புரை, குடலிறக்கம், மூலம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 2 வருஷம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிற சுகர், பிரஷர், இதய நோய்க்கு 3 வருஷம் வரை. 2024-க்கு முன் இது 4 வருஷமாக இருந்தது. இத்தனை வருஷமும் பிரீமியம் கட்டிப் பொறுத்திருந்தால்தான் பாலிசிக்கு முழு பலம். நடுவில் ஒரு வருஷம் கட்டத் தவறி, 30 நாள் சலுகைக் காலமும் போய்விட்டால் எல்லாம் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆண்டுக்கொரு முறை கட்டுபவருக்கு அந்த 30 நாளுக்குள் வரும் நோய்க்கும் பணம் கிடையாது.

நம் பக்கத்தில் பாலிசி எங்கே அறுகிறது என்றால், பணம் வருகிற மாதத்தில் பிரீமியம் வருவதில்லை. பிசானப் பருவ நெல் அறுவடைப் பணம் மாசி பங்குனியில் கைக்கு வரும். பாலிசியை ஜூனில் எடுத்திருந்தால் புதுப்பிக்கும் தேதி பள்ளிக்கூடக் கட்டணத்தோடு வந்து நிற்கும். வயதும் கூடவே ஏறுகிறது. குடும்ப பாலிசியில் வழக்கமாக மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். 60 தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் நிறுவனங்கள் முன்கூட்டியே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் போக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அது ஓர் ஆறுதல். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போய்விட்டது, 30,000 பிரீமியத்துக்கு 35,400 கட்டிய நிலை இப்போது இல்லை. ஆனாலும் அந்த 30,000 வருஷந்தோறும் வேண்டுமே!

அரசு அட்டையில் பிரீமியம் இல்லை. காத்திருப்புக் காலமும் இல்லை. சுகர் உள்ளவருக்கு அட்டை வந்த மறுவாரமே நெஞ்சுவலி வந்தாலும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு விண்ணப்பிக்கலாம். முறுக்கு வேலைக்கும் பீடிச் சுற்றுக்கும் போகிற வீட்டுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

அட்டைக்கும் பராமரிப்பு உண்டு. அது காகிதப் பராமரிப்பு. ரேஷன் கார்டில் ‘இசக்கி’, ஆதாரில் ‘இசக்கியம்மாள்’ என்றிருந்தால், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதுதான் அந்த வித்தியாசம் தலைவலியாகும். புது மருமகள், பிறந்த குழந்தை ஆகியோரை முதலில் ரேஷன் கார்டில் சேர்த்து, பிறகு காப்பீட்டிலும் சேர்க்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார், இவற்றோடு கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

அட்டையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டும்தான் அது செல்லும். வெளிநோயாளியாகப் போய்க் காட்டும் காய்ச்சல், மாத்திரைச் செலவுக்கு உதவாது. தனியார் ஆஸ்பத்திரிகளுக்குத் துறைவாரியாகத்தான் அங்கீகாரம். எலும்பு ஆபரேஷனுக்கு அட்டையை ஏற்கிற இடத்தில் இதய சிகிச்சைக்கு ஏற்காமல் போகலாம். அதனால் “இங்கே காப்பீடு உண்டா?” என்று கேட்காதீர்கள். நோயின் பெயரைச் சொல்லி, “இந்த ஆபரேஷனுக்கு உண்டா?” என்று காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலும் இந்தத் திட்டம் நடக்கிறது. அங்கேயும் அட்டையைக் காட்டிப் பதிவு செய்யுங்கள், அதில் வரும் பணம் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறது.

வரம்பைத் தாண்டியவர்கள் தனியார் பாலிசி எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது, தொடங்கும் தேதி. கையில் பணம் புழங்கும் மாதத்தில் தொடங்கினால் புதுப்பிக்கும் தேதியும் அதே மாதத்தில் வரும். அடுத்தது அறை வாடகை உச்சவரம்பு. 3 லட்சம் பாலிசியில் அந்த வரம்பு 1 சதவீதம் என்றால் நாளுக்கு 3,000. நீங்கள் 5,000 ரூபாய் அறை எடுத்தால் டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் 60 சதவீதம்தான் தருவார்கள். அந்த வகையில் 1 லட்சம் பில் வந்தால் 40,000 உங்கள் கையிலிருந்து. மருந்து, ஸ்டென்ட், ஐ.சி.யூ. ஆகியவற்றுக்கு இந்த வெட்டு கூடாது என்பது விதி. பில்லை வரிவரியாகப் பாருங்கள். மூன்றாவது, விண்ணப்பப் படிவம். சுகர் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஏஜென்ட் ‘இல்லை’ என்று டிக் அடித்தால் அவரைத் தடுத்து, ‘ஆம்’ என்று எழுத வையுங்கள். மறைத்தால் கிளெய்மே போகும். 5 வருஷம் தொடர்ந்து கட்டிய பிறகு மோசடியை நிரூபித்தால் ஒழிய அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. அதற்கும் பாலிசி அறுபடாமல் இருக்க வேண்டும்.

மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்களுக்கு, வேலை இருக்கும்வரை இந்த இரண்டையும்விட அது மேல்: ஊழியர் பங்கு 0.75 சதவீதம்தான், சாதாரணக் காய்ச்சல் மருந்துகூடக் கிடைக்கும். வேலை போனால் அதுவும் நின்றுவிடும் என்பதால், வருமானம் வரம்புக்குள் வந்துவிட்டால் உடனே அட்டைக்கு எழுதிக் கொடுங்கள்.

சாலை விபத்து மட்டும் தனிக் கணக்கு. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வருமானமும் கேட்கமாட்டார்கள், அட்டையும் கேட்கமாட்டார்கள். நாகர்கோவில் நான்குவழிச் சாலையில் அடிபட்டவரை எங்கே சேர்ப்பது என்ற பதற்றத்தில் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். சேர்க்கும்போதே கேளுங்கள், 48 மணி நேரம் முடிவதற்குள் அட்டையையோ பாலிசி எண்ணையோ கவுண்டரில் கொடுத்துவிடுங்கள்.