கிராண்ட் பேயில் மேசை போட்டு விற்கும் ‘தீவுச் சுற்றுலா’: பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

டிசம்பர் விடுமுறைக்கு ஊரிலிருந்து உறவினர்களை வரவழைத்திருக்கும் மொரிசியஸ் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கிராண்ட் பே கடற்கரைச் சாலையில் குடை நட்டு, மேசை போட்டு, பளபளக்கும் கடல் படங்களைப் பரப்பி வைத்துப் படகுச் சுற்றுலா விற்கிறார்களே, அவர்களில் ஒருவர் எங்களைப் பட்டப்பகலில் ஏமாற்றினார்.

காலாண்டு விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து அண்ணன் குடும்பம் வந்திருந்தது. பிள்ளைகள் இருவருக்கும் ஸ்நோர்கெலிங் போய், அதாவது முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கடலில் மிதந்தபடி, பவளப்பாறை மீன்களைப் பார்க்க வேண்டும். என் மாமனாருக்கு வேறு காரணம். வடக்கே கடலில் இருக்கும் இல் பிளாட் தீவையும் அதை ஒட்டிய கேப்ரியல் தீவையும் அவர் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. 1856-இல் கல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு கப்பல்களில் காலரா என்று சொல்லி, அதிலிருந்த ஒப்பந்தக் கூலிகளைக் கேப்ரியல் தீவில் இறக்கிவிட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் அங்கேயே மாண்டார்கள். “நம் பக்கத்து ஆட்கள் இல்லைதான். ஆனாலும் ஒருமுறை அந்த மண்ணில் நின்று கும்பிட்டுவிட்டு வர வேண்டும் அம்மா” என்று பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேசைக்காரர் சொன்னது இதுதான்: பெரிய கேட்டமரான் (இரட்டை உடல் கொண்ட) படகு, காலை ஒன்பதுக்குப் புறப்பாடு, இரண்டு தீவுகளுக்கும் நடுவே உள்ள ஆழமில்லாத நீரில் ஸ்நோர்கெலிங், தீவில் மூன்று மணி நேரம், மதியச் சாப்பாடு. புரட்டாசி மாதம், நாங்கள் யாரும் மீனும் கோழியும் தொடமாட்டோம் என்றேன். “இந்த மாதம் பாதிப் பேர் அப்படித்தான் அம்மா, தனியாகச் செய்துவிடுவோம்” என்றார். ஆளுக்கு 2,200 மொரிசியஸ் ரூபாய். இந்த ஊர் நோட்டிலும் தமிழ் எழுத்தைக் கண்ட மகிழ்ச்சியில், அண்ணன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பார்த்து எண்ணிக் கொடுத்தார். மேசைக்காரரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு ஒரு துண்டு ரசீது கிழித்தார். அதில் தொகை இருந்தது, தேதி இருந்தது. எந்தப் படகு, எந்த நிறுவனம், எந்தத் தீவு என்பது மட்டும் இல்லை.

மறுநாள் காலையில் கேட்டமரான் இல்லை. “பழுது” என்று ஒரு பையன் சொல்லி, கூரை போட்ட விசைப்படகில் எங்களை நெருக்கி உட்கார வைத்தான். சிறுவர்களுக்கான உயிர்காப்பு அங்கியே படகில் கிடையாது. அண்ணன் மகளுக்குப் பெரியவர்கள் அங்கியை மாட்டினார்கள். அது காதுவரை ஏறி நின்றது. இடுப்புப் பட்டையின் கொக்கி உடைந்து, அந்த இடத்தில் நைலான் கயிறு கட்டியிருந்தது. அண்ணி அதை அவிழ்த்து அவிழ்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தார்.

இல் பிளாட்டுக்குப் போகும் வழியிலேயே இருக்கும் குவான் தெ மீர் பாறைத் தீவின் அருகே படகை நிறுத்தி, “இறங்குங்கள், இதுதான் ஸ்நோர்கெலிங்” என்றார்கள். தென்கிழக்குக் காற்று வீசும் பருவம். அலை தூக்கித் தூக்கிப் போட்டது, கீழே தரை தெரியாத ஆழம். நீச்சல் பழகியவர்கள் ரசிக்கலாம், பத்து வயதுப் பிள்ளையை அங்கே எப்படி இறக்குவது? கொடுத்த முகக்கண்ணாடிகளில் ரப்பர் காய்ந்து விறைத்திருந்தது. முகத்தில் வைத்ததும் தண்ணீர் உள்ளே வந்தது. மூச்சுக்குழாயின் வாய்ப்பகுதியில் யாரோ கடித்த பல் தடம் அப்படியே இருந்தது. அண்ணன் மட்டும் இறங்கி, உப்புத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினார். அண்ணி வாந்தி எடுத்து ஓய்ந்துபோனார்.

எங்களைத் தாண்டி இரண்டு கேட்டமரான்கள் இல் பிளாட் பக்கம் போய்க்கொண்டிருந்தன. மாமனார் படகோட்டியின் அருகே போய் உள்ளூர் மொழியான கிரியோலில் பேச்சுக் கொடுத்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அன்றைக்கு அந்தப் படகு இல் பிளாட் போவதாகவே இல்லை. மேசைக்காரர் எங்களுக்காகப் படகுக்குக் கட்டியது குவான் தெ மீர் அரைநாள் சுற்றுக்கு மட்டும், ஆளுக்கு 900 ரூபாய். மீதியெல்லாம் அவர் பைக்குள். பழுதான கேட்டமரான் என்று ஒன்று இருந்ததா என்று படகோட்டியைக் கேட்டால் சிரிக்கிறார்.

இதில்தான் சூட்சுமம். தீவு ஏன் மாறியது என்று கேட்பவரிடம் கடல்மேல் பழியைப் போட்டுவிடலாம். உண்மையிலேயே குவான் தெ மீரைத் தாண்டினால் கடல் முரடானதுதான். நாணயமான படகுக்காரர்கள் முதல்நாள் மாலையே தொலைபேசியில் கூப்பிட்டு வேறு நாள் தருகிறார்கள் அல்லது பணத்தைத் திருப்புகிறார்கள். சாப்பாட்டைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை: எல்லாருக்கும் ஒரே பொட்டலம், கோழியும் ரொட்டியும். புரட்டாசிக்காரர்களுக்கு வெள்ளரிக்காய்.

மாலையில் மேசைக்குப் போனோம். “கடல் சரியில்லை, நான் என்ன செய்வேன்? படகுக்காரரைக் கேளுங்கள்” என்றார். படகுக்காரர், தனக்கு வந்த பணத்துக்குரிய வேலையைச் செய்துவிட்டதாகச் சொல்கிறார். அவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. உடைந்த கொக்கிக்கு மட்டும் நியாயமே இல்லை.

மொரிசியசில் உல்லாசப் படகுக்கும் அதை ஓட்டுபவருக்கும் உரிமம் கொடுப்பது சுற்றுலா ஆணையம். அதனால் மேசையில் நிற்கும்போதே படகின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு ரசீதில் எழுத வையுங்கள். தீவின் பெயரும் அதே தாளில் இருக்கட்டும். எழுத மறுத்தால் அடுத்த மேசைக்கு நடையைக் கட்டுங்கள். முன்பணம் மட்டும் கொடுத்து, மீதியைப் படகில் ஏறும்போது தருவதாகச் சொல்லிப் பாருங்கள். முகம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும். சிறு பிள்ளைகள் இருந்தால் உயிர்காப்பு அங்கியைக் கண்ணால் பார்க்காமல் கரையை விட்டுக் கிளம்பாதீர்கள்.

பிள்ளைகளுக்கு மீன் காட்டுவதுதான் நோக்கம் என்றால் வடக்கே அலைய வேண்டியதும் இல்லை. தென்கிழக்கே புளூ பே கடல் பூங்கா இருக்கிறது. 2008-இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம், பொதுக் கடற்கரை. அண்ணன் கிளம்புவதற்கு முன் அங்கே அழைத்துப் போனோம். கரையிலிருந்து சில அடி நடந்ததும் வரிமீன்கள் காலைச் சுற்றின. சொந்தக் கண்ணாடி வாங்கிக்கொண்டு போனோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரசீதின் படத்தையும் உடைந்த கொக்கியின் படத்தையும் இணைத்துச் சுற்றுலா ஆணையத்துக்குப் புகார் அனுப்பியாயிற்று. மாமனாரை இல் பிளாட்டுக்குக் கூட்டிப் போக நம்பகமான படகு யாருக்காவது தெரிந்தால், உரிமம் உள்ளதாகப் பார்த்துச் சொல்லுங்கள். காற்று அடங்கியதும் போகலாம் என்றிருக்கிறோம்.