குவாட்டர்னியனா, மாண்டல்பல்பா, மாண்டல்பாக்ஸா: மடிக்கணினிக்கு எது பொருந்தும்?

முப்பரிமாண ஃப்ராக்டலை, அதாவது ஒரே சூத்திரத்தை மீண்டும் மீண்டும் போட்டு உருவாக்கும் வடிவத்தைக் கல்லூரி ப்ராஜெக்டாகச் செய்ய நினைக்கும் வேலூர், காட்பாடி மாணவர்கள் படத்தின் அழகை மட்டும் பார்த்துச் சூத்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது தூர மதிப்பீடு. ரே மார்ச்சிங்கில் (கதிரைப் படிப்படியாக நகர்த்திப் படம் வரையும் முறை) ஒவ்வொரு கதிரும், பரப்பு இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற மதிப்பீட்டின் அளவுக்கே முன்னேறும். மதிப்பீடு குறைந்தால் வேகம்தான் போகும். கூடினாலோ கதிர் பரப்பைத் துளைத்துக்கொண்டு போய்விடும். படம் புள்ளி புள்ளியாகச் சிதறும்.

அந்த மதிப்பீட்டுக்காக, சூத்திரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் வெளி எவ்வளவு இழுபடுகிறது (இழுவை) என்பதை ஒற்றை எண்ணில் சேர்த்துவருகிறோம். எல்லாத் திசையிலும் ஒரே அளவு இழுபட்டால் ஓர் எண் போதும். எண்ணை வர்க்கம் எடுத்து மாறிலியைக் கூட்டிக்கொண்டே போகும் இருபரிமாண மாண்டல்ப்ராட்டில் அப்படித்தான். மூன்று பரிமாணத்தில் பிரெஞ்சுக் கணிதர் லியூவில் 1850இல் காட்டிய தடை ஒன்று உண்டு: கோணம் மாறாத உருமாற்றம் வேண்டுமானால் நகர்த்தல், சுழற்றல், பிரதிபலித்தல், அளவு மாற்றல், கோளத் தலைகீழாக்கம், இவற்றின் சேர்க்கை மட்டுமே. வர்க்கம் எடுப்பதற்கு அங்கே இடமில்லை.

குவாட்டர்னியன் என்பது நான்கு கூறுள்ள எண். அதில் வர்க்கம் எடுத்து, மாறாத ஒரே மாறிலியைக் கூட்டிவரும் குவாட்டர்னியன் ஜூலியாவை 1982இல் ஆலன் நார்டன் வரைந்து காட்டினார். இது நான்கு பரிமாணப் பொருள், சி.டி. ஸ்கேன் உடம்பைத் துண்டு துண்டாகக் காட்டுவதுபோல், நான்காவது ஆயத்தை ஒரு மதிப்பில் நிறுத்தி முப்பரிமாண வெட்டைப் பார்க்கிறோம். வர்க்கம் எடுக்கும்போது இழுவை திசைக்குத் திசை மாறும். ஆனால் எண்ணின் நீளத்தைப்போல் இரு மடங்கைத் தாண்டாது. அதனால் பிழை வந்தாலும் பாதுகாப்பான பக்கமே வரும். மாறிலி (−1, 0.2, 0, 0), வெளியேறும் எல்லை (நீளம் இதைத் தாண்டினால் சுற்றை நிறுத்தலாம்) 4, 12 சுற்று என்று தொடங்கலாம். உருவம் வழவழப்பாக இருக்கும், நுணுக்கம் குறைவு. மாண்டல்ப்ராட் கணத்தையே குவாட்டர்னியனில் போடுவது வீண்வேலை: பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் மாறிலியின் எல்லா அடுக்குகளும் ஒரே தளத்தில் கிடக்கும், பழைய படத்தை மெய் அச்சில் சுழற்றிய வடிவம்தான் கிடைக்கும்.

மாண்டல்பல்ப் 2009இல் டேனியல் ஒயிட், பால் நைலாண்டர் முயற்சியில் வந்தது. கோள ஆயங்களில் ஆரத்தை 8ஆம் அடுக்குக்கு உயர்த்தி, இரு கோணங்களையும் 8ஆல் பெருக்கி, தொடக்கப் புள்ளியைக் கூட்ட வேண்டும். புது இழுவை = 8 × ஆரத்தின் 7ஆம் அடுக்கு × பழைய இழுவை + 1; தூரம் = 0.5 × ஆரம் × ஆரத்தின் இயல் மடக்கை ÷ இழுவை. சிக்கல் துருவ அச்சில். அங்கே குறுக்குத் திசையில் உண்மையான இழுவை, ஒரே சுற்றில், இந்தக் கணக்கைப்போல் 8 மடங்கு வரை போகும். முனையில் ஓட்டை விழுவது அதனால்தான். ஒவ்வொரு நகர்வையும் 0.5ஆல் பெருக்குங்கள், முனையைக் கிட்டத்தில் காட்டுவதானால் 0.25. ஆரம் பூஜ்ஜியமானால் கோணம் கணக்கிட முடியாமல் கரும்புள்ளி வரும். அதையும் தடுக்க வேண்டும்.

டாம் லோ 2010இல் கண்ட மாண்டல்பாக்ஸ் வேறு வழியில் போகிறது. ஆயம் 1ஐத் தாண்டினால் 2இலிருந்து கழி. −1க்குக் கீழே போனால் −2இலிருந்து கழி. பிறகு ஆரம் 0.5க்குக் குறைவானால் 4ஆல் பெருக்கு; 0.5க்கும் 1க்கும் இடையே இருந்தால் ஆர வர்க்கத்தால் வகு. கடைசியில் அளவெண்ணால் (2 அல்லது −1.5) பெருக்கித் தொடக்கப் புள்ளியைக் கூட்டு. முதலாவது பிரதிபலிப்பு, இரண்டாவது தலைகீழாக்கமும் அளவு மாற்றமும்: லியூவில் விட்டுவைத்தவை மட்டுமே! ஆகவே ஒற்றை எண்ணே எல்லாத் திசைக்கும் பொருந்துகிறது. தொடக்கப் புள்ளிக்காகக் கூட்டும் 1 சற்று மிகை. அதுவும் பாதுகாப்பான பக்கமே. மூன்றிலும் நேர்த்தியானது இதுதான். சைன், கொசைன் இல்லாததால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியிலும் பழகிப் பார்க்கலாம்.

மாண்டல்பாக்ஸில் இரண்டு இடங்களில் தவறு நேரும். கோள மடிப்பில் (ஆரத்தைப் பார்த்துப் பெருக்கும் அல்லது வகுக்கும் படி) புள்ளியைப் பெருக்கிய அதே காரணியால் இழுவையையும் பெருக்க மறந்தால் பரப்பு கரைந்துவிடும். பல்ப் நிரலின் எல்லை 2ஐ அப்படியே வைத்தால் பெட்டியின் பெரும்பகுதி வெட்டுப்படும்: அளவெண் 2க்கு அது ஒவ்வொரு அச்சிலும் −6 முதல் 6 வரை பரந்தது. எல்லையை 100 ஆக்குங்கள். தூரம் ஆரம் ÷ இழுவை, மடக்கை வேண்டாம்.

3டி பிரிண்ட் எடுக்க பல்ப் நல்லது. ஆனால் 512 × 512 × 512 கட்டத்தில் 13.4 கோடிப் புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் 512 எம்.பி. நினைவகம். முதலில் 128இல் சோதியுங்கள்.

விண்டோஸில் கிராஃபிக்ஸ் வேலை ஒன்று 2 வினாடிக்கு மேல் இழுத்தால் டிரைவர் மீட்டமைக்கப்படும். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து வரையுங்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டும் வேலூரில் மதியம் ரெண்டர் போட்டால் சிப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே நேர ஒப்பீட்டுக்கு மூன்று சூத்திரங்களையும் ஒரே வேளையில் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒன்றைக் காலையிலும் மற்றதை மதியத்திலும் ஓட்டி எடுத்த எண்களை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.