‘நாட்டுத் தக்காளி’ விதை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஆடிப்பட்டத்துக்கு விதை தேடும் மாடித்தோட்ட நண்பர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மதுரையில் ஒரு கண்காட்சிக் கடையில் ‘பாரம்பரிய நாட்டுத் தக்காளி, ரசாயனம் கலக்காதது’ என்று ஒட்டியிருந்த பாக்கெட்டை வாங்கினேன். ரசத்துக்கு அந்தப் புளிப்புப் பழம்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கியது. வீட்டுக்கு வந்து தட்டில் கொட்டினால் விதை முழுக்க ரோஸ் நிறம், விரலெல்லாம் ஒட்டுகிறது. தக்காளி விதை வெளிர் மஞ்சளாக, மேலே மெல்லிய ரோமத்தோடு இருக்கும். இந்த ரோஸ், திரம் போன்ற பூஞ்சணக்கொல்லியில் விதைநேர்த்தி செய்யும்போது, அதாவது விதைமேல் மருந்து பூசும்போது, கம்பெனிகள் சேர்க்கும் சாயம். விதைநேர்த்தி செய்வது தப்பில்லை. அதை ‘ரசாயனம் கலக்காதது’ என்று விற்பது பச்சைப் பொய். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதை நம்பி வெறும் கையால் அள்ளமாட்டார்களா?

சரி, போட்டுப் பார்த்தேன். பாதிகூட முளைக்கவில்லை. தக்காளி விதைக்கு 70 சதவீத முளைப்புத்திறனாவது இருக்க வேண்டும் என்பது தரவிதி. தப்பிப் பிழைத்த செடிகளில் காய்த்ததோ முட்டை வடிவில், தோல் தடித்த, சாறில்லாத சந்தைத் தக்காளி. நாட்டுக் காய் தட்டையாக, வரிவரியாக இருக்கும். காலாவதியான ஹைப்ரிட் விதையை உறை மாற்றி விற்றிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். கடைக்காரரிடம் போனில் கேட்டால், “மண்ணு சரியில்ல மேடம், உரம் போடுங்க” என்றார். அப்புறம் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்.

எனக்குக் கோபம் பணத்துக்காக இல்லை. நாட்டு விதை வாங்குவதே பழத்திலிருந்து விதை எடுத்து அடுத்த பட்டத்துக்கு வைக்கத்தான். ஹைப்ரிட்டில் எடுத்தால் தாய்ச்செடி மாதிரி வராது. ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாகக் காய்க்கும். உண்மையாகவே விதை காப்பாற்றுகிற விவசாயிகளின் பெயரும் இதில் கெடுகிறது. அவர்கள் லேபிள் இல்லாமல் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாலும், எந்த ஊரில் விளைந்தது, எப்போது எடுத்தது என்று கேட்டால் உடனே சொல்வார்கள்.

கடை பாக்கெட் என்றால் குவியல் எண் (லாட் நம்பர்), முளைப்புத்திறன், பரிசோதனை நாள், காலாவதி நாள் நான்கும் அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள். என் பாக்கெட்டில் ஒன்றுகூட இல்லை. விதை எடுத்து வைக்கிற ரகம் வேண்டுமென்றால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1 இருக்கிறது. அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவாக்கியது, ஹைப்ரிட் அல்ல.

பில்லில் குவியல் எண்ணை எழுதி வாங்குங்கள். ஏமாந்தால் விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்க அந்தப் பில்லும் உறையும் மிச்ச விதையும் தேவைப்படும். அறுவடை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.