பிரிட்ஜா, ஹார்னஸா, பிளேட்டா: குத்துச்சண்டைக்காரரின் கழுத்துக்கு எது?

குத்துச்சண்டை பழகும் இடத்தில் கழுத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மைக் டைசன் பெயர் வராமல் போகாது. 1986-இல், 20 வயதில் ஹெவிவெயிட் பட்டம் வென்றவர். கழுத்துச் சுற்றளவு 20 அங்குலம் என்பார்கள். தலையைத் தரையில் ஊன்றி அவர் முன்னும் பின்னும் உருளுவதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே பாயை விரித்து பிரிட்ஜ் (மல்லாந்து, தலையையும் பாதங்களையும் மட்டும் ஊன்றி உடம்பை வில்லாக வளைப்பது) போட்டவர்களில் நானும் ஒருவன். மறுநாள் காலையில் தலையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் படுக்கையிலிருந்து எழுந்தேன். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டியிருந்தது, மூன்று நாளைக்கு.

அப்புறம்தான் கழுத்து எதற்கு என்றே யோசித்தேன். தலையின் எடை சுமார் 5 கிலோ. மோவாயில் ஒரு ஹூக் (பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் குத்து) விழுந்தால் தலை பின்னால் போவதைவிட வெடுக்கென்று பக்கவாட்டில் திரும்புவதுதான் ஆபத்து. அந்தச் சுழற்சி மூளையை உலுக்கி ஆளைச் சாய்க்கிறது. குத்து விழும் கணத்தில் கழுத்து இறுகியிருந்தால் தலை தனியாகப் போகாது. கூடவே உடம்பின் கனத்தையும் அந்தக் குத்து இழுக்க வேண்டும். அதற்குப் பிடரி மட்டும் தடித்துப் பயனில்லை. முன்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் சேர்ந்து பிடிக்க வேண்டும். கீழே உள்ளவற்றை நான் எடைபோடுவது இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

சிலர் இந்தக் கவலையே வேண்டாம், டெட்லிஃப்டும் (தரையிலிருந்து பளு தூக்குவது) ஷ்ரக்கும் (கையில் எடையோடு தோளை உயர்த்துவது) போட்டால் கழுத்து தானாக வந்துவிடும் என்பார்கள். வராது. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு குழு ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற வழக்கமான பயிற்சிகளை மட்டும் செய்தது. இன்னொரு குழு அவற்றோடு தலையில் எடை மாட்டிப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சியையும் செய்தது. 12 வாரம் கழித்து இரண்டாவது குழுவின் கழுத்துத் தசைப் பரப்பு சுமார் 13 சதவீதம் கூடியிருந்தது. முதல் குழுவுக்குக் கழுத்து அப்படியே இருந்தது. ஷ்ரக் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் மேடு கட்டும், பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, பிரிட்ஜ். மல்யுத்தத்திலிருந்து வந்தது, அங்கே அதற்கு நியாயம் உண்டு: முதுகு மண்ணில் படாமல் தப்பிக்க அதே வளைவு தேவைப்படுகிறது. செலவில்லை, கருவியும் வேண்டாம். ஆனால் உடம்பின் எடையில் கணிசமான பங்கு, கழுத்து முழுக்கப் பின்னால் வளைந்திருக்கும் நேரத்தில் அதிலுள்ள 7 எலும்புகள் மீதும் இறங்குகிறது. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவும் வழியில்லை. 80 கிலோ ஆள் முதல் நாளே தன் 80 கிலோவோடுதான் தொடங்குகிறார். கைகளைத் தரையில் ஊன்றிப் பாரத்தைக் குறைக்கலாம், எவ்வளவு குறைத்தோம் என்று அளக்க முடியாது. டைசனுக்குச் சரியாக வந்தது என்பதற்காக எல்லோருக்கும் வந்துவிடாது. குத்துச்சண்டை மட்டும் போடுபவருக்கு இது தேவையில்லை என்பது என் கட்சி.

ஹார்னஸ் பிரிட்ஜைவிட நல்லது. தலையில் மாட்டும் பட்டை, அதிலிருந்து தொங்கும் சங்கிலி, அதன் நுனியில் எடை. உட்கார்ந்து கையை முட்டியில் ஊன்றி, தலையைத் தாழ்த்தி மெதுவாக நிமிர்த்த வேண்டும். பிடரி தடிக்க இதற்கு இணையில்லை; கண்ணாடியில் மாற்றம் முதலில் தெரிவதும் இதில்தான். குறை என்னவென்றால், ஏற்கெனவே பலமாக இருக்கும் பின்பக்கத்தையே இது மேலும் பலமாக்குகிறது. சங்கிலி ஊசலாடினால் எடை தலையை இழுத்துக்கொண்டு போகும், ஆகவே வேகம் கூடாது.

என் ஓட்டு பிளேட்டுக்குத்தான். பெஞ்சில் மல்லாந்து படுத்து, தோளுக்கு மேல் தலை மட்டும் வெளியே இருக்கும்படி நகர்ந்துகொள்ள வேண்டும். நெற்றியில் மடித்த டவல், அதன் மேல் 2.5 கிலோ பிளேட் (பளுதூக்கும் கம்பியில் மாட்டும் வட்டு), இரண்டு கையாலும் லேசான பிடி. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மோவாயை முன்னால் நீட்டியபடி தலையைத் தூக்குவார்கள். தொண்டையின் இரு புறமும் கயிறு போலப் புடைக்கும், இரண்டாவது செட்டில் பிடித்துக்கொள்ளும். முதலில் 'ஆமாம்' என்பது போல மோவாயை உள்ளே இழுத்து, பிறகு தூக்க வேண்டும். ரிங்கில் மோவாயை ஒளித்துவைக்கும் அதே அசைவு. ஒருக்களித்துப் படுத்தால் பக்கவாட்டு, குப்புறப் படுத்தால் பிடரி: ஒரே பிளேட்டில் நான்கு திசையும் முடிந்துவிடும். 15 முதல் 25 தடவை, திசைக்கு இரண்டு செட், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். 25 சுலபமானால் 1.25 கிலோ கூட்டலாம். இந்தச் சின்னப் படிதான் பிரிட்ஜில் கிடைக்காதது.

இழுபடும் ரப்பர் பேண்டைத் தூணில் கட்டித் தலையில் மாட்டுவது, கையால் தலையைத் தள்ளித் தலையால் எதிர்ப்பது எல்லாம் பயணத்தில் கைகொடுக்கும். சுற்றளவு கூட்ட அவ்வளவாக உதவாது. ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கும்: கண்ணை மூடி நிற்க, கூட்டாளி எந்தப் பக்கம் என்று சொல்லாமல் தலையை மெதுவாகத் தள்ள, நாம் அசையாமல் பிடிப்பது. பிளேட் தடிமனைத் தரும். சட்டென்று இறுகும் பழக்கத்தை இதுதான் தரும். கூட்டாளி விளையாட்டுப் பிள்ளையாக இருக்கக் கூடாது.

இவ்வளவும் செய்தால் நாக் அவுட் ஆக மாட்டோமா? 2014-இல் வந்த ஓர் ஆய்வு, கழுத்து வலிமை ஒரு பவுண்டு கூடினால் மூளை அதிர்ச்சிக்கான வாய்ப்பு 5 சதவீதம் குறைகிறது என்றது. ஆனால் அதில் இருந்தவர்கள் கால்பந்து, கூடைப்பந்து ஆடும் பள்ளி மாணவர்கள், குத்துச்சண்டைக்காரர்கள் இல்லை. பார்க்காத குத்துக்குக் கழுத்து இறுகாது, 20 அங்குலமாக இருந்தாலும். டைசனே 1990-இல் பஸ்டர் டக்ளஸிடம் நாக் அவுட் ஆனார்.

கழுத்துப் பயிற்சியை ஸ்பாரிங் (கூட்டாளியோடு போடும் பயிற்சிச் சண்டை) முடிந்த பிறகு வையுங்கள், முந்தின நாள் வேண்டாம். களைத்த கழுத்தோடு அடி வாங்கப் போவதற்குச் சும்மா இருந்துவிடலாம். தசை வலித்தால் பரவாயில்லை. கையில் மதமதப்போ விரலில் ஊசி குத்துவது போன்ற உணர்வோ வந்தால் அது நரம்பு சம்பந்தப்பட்டது. பிளேட்டைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.